சித்தப்பா இறங்க ஒரு கோலம்

எங்களூரில் காணாமல் போகிறவை எல்லாம் பெரும்பாலும் பொழுது அடைவதற்குள் கிடைத்துவிடும். மேய்ச்சலில் தப்பிய வெள்ளாடு தானே தொழுவுக்கு வந்துவிடும். வாய்க்காலில் நழுவிய சொம்பு கீழ்மடையில் தட்டி நிற்கும். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு புறப்பட்ட மருமகள், நாங்குநேரிக்குப் போகிற வண்டித்தடத்தில் பாதி வழியிலேயே ஆறிப்போய்த் திரும்பிவிடுவாள். ஆகவே, சித்தப்பாவைக் காணோம் என்று சீமையிலிருந்து தந்தி வந்தபோது எங்கள் வீட்டில் கவலைப்படாத ஒரே ஆள் நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கவலையின்மை பிறகு எந்த வயதிலும் எனக்கு வாய்க்கவில்லை.

முதல் உலகச் சண்டை முற்றிக் கிடந்த காலம். தந்தியும் அதன் பின்னால் வந்த விவரமும் சேர்ந்து சொன்னது இவ்வளவுதான்: பிரான்சு தேசத்தில் ஒரு காலை வேளையில் சித்தப்பா ஓட்டிப் போன ஆகாயக் கப்பல் ஒரு மேகத்துக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. கப்பலையும் காணோம், ஆளையும் காணோம்.

மேகம்தானே என்று நினைத்தேன். மேற்கே களக்காட்டு மலைமேல் நான் பார்க்காத மேகமா? கூடும், கறுக்கும், கலையும். கலைந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

சித்தப்பாதான் எங்கள் தெருவின் முதல் பி.ஏ. அந்தப் பட்டத்தை அவரைவிடப் பெரியப்பா அதிகம் படித்தார். தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். பரீட்சை முடிவு வருமுன்பே கன்னானை வரவழைத்து வீட்டிலிருந்த குடம், அண்டா, தவலை எல்லாவற்றிலும் சித்தப்பாவின் பெயரையும் அதன் பக்கத்தில் பி.ஏ. என்றும் வெட்டச் சொல்லிவிட்டார். முடிவு வந்தது. சித்தப்பா தோற்றிருந்தார். பெரியப்பா அண்டாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"வெட்டினதை இனி அழிக்க முடியாதுலே. நீ போய்ப் பாஸ் பண்ணிட்டு வா" என்றார்.

மறுவருஷம் சித்தப்பா பாஸ் பண்ணினார். பட்டம் வாங்கப் போட்ட கறுப்பு அங்கியைச் சென்னையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் பெரியப்பாவுக்கு ஆறவில்லை. ஊர் பார்க்க வேண்டாமா? உள்ளூர்த் தையற்காரரை உட்காரவைத்து, உள்ளே சிவப்புப் பட்டு வைத்து, இன்னொரு அங்கி தைக்கச் சொன்னார். அதை மாட்டிக்கொண்டு சித்தப்பா தெருவில் நடந்தார். பாதித் தெருவில் நாய்கள் துரத்த ஆரம்பித்தன. பி.ஏ. பட்டதாரி வைக்கோல் போர்மேல் தாவி ஏறினார். நாய்கள் கீழே நின்று குரைத்தன. அவர் இரண்டு கையையும் விரித்து மறுபக்கம் குதித்தார். ஆற்றுக் காற்று அங்கிக்குள் புகுந்து உப்பிற்று. ஒரு நொடி, சத்தியமாக ஒரு நொடி, சித்தப்பா கீழே விழாமல் அந்தரத்தில் நின்றார். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் கைதட்டினேன். வாசலில் நின்ற புது மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள்தான் என் சித்தி.

அப்புறம் சட்டம் படிக்க லண்டனுக்குப் போனவர், சண்டை வந்ததும் சட்டத்தை மூடிவைத்துவிட்டு ஆகாயப் படையில் சேர்ந்துவிட்டார். தோல் குல்லாயும் நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடியுமாக ஒரு படம் வந்தது. எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. வைக்கோல் போரிலிருந்து குதித்தவர் வேறு எங்கே போவார்?

இனி அந்தப் பங்குனி மாதத்துக்கு வருகிறேன்.

தந்தி வந்தபின் பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் கூடத்தில், காரியம் செய்துவைக்கிற தேசிகரை உட்காரவைத்துக்கொண்டு, "அமாவாசை அன்னைக்கு ஆத்தங்கரையில வச்சு முடிச்சிருவோம். எள்ளுந்தண்ணியும் இல்லாம அந்தப் புள்ள எங்கன அலையுதானோ" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. அதை மறைக்க, மோர்த் தம்ளரை யார் இப்படிக் கழுவினது என்று சத்தம் போட்டார்.

உடல் கிடைக்காதவருக்குத் தருப்பையால் ஓர் உருவம் செய்து, அதை அவராகவே பாவித்து எரிப்பார்கள். செத்த நாள் தெரியாவிட்டால் அமாவாசையை நாளாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு கட்டுப் புல்தான் எரியும். ஆனால் அத்தோடு சித்தியின் தாலி இறங்கிவிடும், குங்குமம் போய்விடும், கொடியில் கிடக்கும் பச்சையும் அரக்குமான சேலைகள் மடித்து யாருக்காவது கொடுக்கப்படும். அவளுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

சித்தி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனுடைய அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது அந்நாளில் வழக்கமில்லை. அம்மாவும் பேசமாட்டாள், சித்தியும் பேசமாட்டாள். ஆகவே இரண்டு கட்சிக்கும் நடுவில் என்னை நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் சொல்வது அவருக்கு நன்றாகக் கேட்கும், அவர் சொல்வது அவர்களுக்கும் கேட்கும். இருந்தாலும் நான் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு.

"ஏட்டி, ஒங்க பெரியப்பாட்ட கேளு. தந்தியில காணோம்னு போட்டிருக்கா, செத்துட்டாகன்னு போட்டிருக்கா?"

நான் கேட்டேன்.

"ஒங்க சித்திட்ட சொல்லு. வெள்ளைக்காரன் செத்துப்போனதை வாய்விட்டுச் சொல்லமாட்டான். மரியாதைக்குக் காணோம்னுதான் சொல்லுவான்."

நான் சொன்னேன்.

"மரியாதைக்குச் சொன்னதை நாமளும் மரியாதையா அப்படியே வச்சுக்கிடுவோம்னு சொல்லு."

இதையும் சொன்னேன். என் அப்பா பெரியப்பா சொன்னதற்கும் தலையாட்டினார், சித்தி சொன்னதற்கும் தலையாட்டினார். அண்ணன் முன்னால் அவருக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். தேசிகர் வெற்றிலையை மடித்தபடி விட்டத்தைப் பார்த்தார். பெரியப்பா எழுந்து, "அமாவாசைதான்" என்று சுவருக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தந்தி வந்த நாளிலிருந்து எங்கள் வாசலில் அம்மா தண்ணீர் மட்டும் தெளித்து வந்தாள். சாவுத் துட்டி விழுந்த வீட்டில் கோலம் போடுவதில்லை. ஈரம் காய்ந்த வெறும் மண்ணாக அந்த இடம் கிடந்தது. மறுநாள் விடியும்போது பார்த்தால் அங்கே கோலம் இருந்தது. சின்னதுதான், நாலு இதழ் தாமரை. பக்கத்தில் விரலெல்லாம் பொடியாகச் சித்தி நின்றாள்.

ஆற்றுக்குக் குளிக்கப் புறப்பட்ட பெரியப்பா நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"துட்டி வீட்டு வாசல்ல என்னது இது?"

அம்மா என் முதுகில் குத்தி, "இன்னும் துட்டி ஆகலையேன்னு சொல்லுட்டி" என்றாள். அதுவரை எதிலும் கட்சி சேராத என் அம்மா!

பெரியப்பா நினைத்திருந்தால் காலால் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. மிதிக்கவும் இல்லை. சுவரோரமாக ஒண்டி, பக்கவாட்டில் நடந்து, வெளியே போனார். மறுநாள் தாமரைக்கு எட்டு இதழ். அவர் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டினார். அடுத்த நாள் இதழ்களைச் சுற்றிக் கொடி. பெரியப்பா நல்ல கனத்த சரீரம். தம் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, துண்டைத் தூக்கிப் பிடித்தபடி அவர் தினமும் தம் வீட்டிலேயே களவாடிவிட்டுப் போகிறவர்போல் வெளியேறுவதைப் பார்க்க எதிர்வீட்டுப் பிள்ளைகள் சீக்கிரமே எழுந்திருக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சித்தப்பா மேகத்திலிருந்து வெளியே வந்ததும் நேரே வீட்டுக்குத்தான் பறந்து வருவார். மேலிருந்து அடையாளம் தெரியவேண்டும் அல்லவா? அதற்குத்தான் கோலம். ஆனால் இந்தப் பெரியவர்களுக்குச் சாமர்த்தியம் போதாது. குடமுழுக்கின்போது சாரம் கட்டிய கோபுரத்தில் அப்பாவின் தோளில் இருந்தபடி நான் ஊரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது.

"சித்தி, வாசல்ல போட்டா மேல இருக்கவுகளுக்குத் தெரியாது. எல்லா வீட்டு ஓடும் ஒண்ணுபோலதான் இருக்கும். சித்தப்பா மாத்தி, பக்கத்துல மேல வீட்டு ஆச்சி வாசல்ல இறங்கிட்டாகன்னா?"

சித்தி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனால் வந்தது சிரிப்பு. தந்திக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆமாட்டி. அங்கன இறங்குனா அந்த ஆச்சி புட்டு அவிச்சுப் போட்டே ஆளை இருத்திக்கிடுவா. அப்ப எங்கன போடலாம், நீயே சொல்லு."

"களத்துல."

எங்கள் நெற்களம் தெருவின் கடைசியில், ஆற்றுக்குப் போகிற பாதையின் குறுக்கே இருந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கருவேல வேலி. ஆற்றுக்குப் போகிறவர்கள் களத்தின் மேலேதான் நடந்து போகவேண்டும். பிசான நெல் அறுப்பு முடிந்து வைக்கோலைப் போர் ஏற்றியாகிவிட்டது. சாணம் தெளித்துக் கெட்டித்த தரை, உள்ளங்கையைப்போல் வெறுமையாகக் கிடந்தது. ஓரத்தில் வரிசையாகப் பனைகள்.

அமாவாசையன்று விடிந்தும் விடியாததுமாக நாங்கள் களத்துக்குப் போனோம். வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைச் சித்தி நீற்றித் தூளாக்கி வைத்திருந்தாள். அம்மா இரண்டு கூடை நிறையக் கோலப்பொடி கொண்டுவந்தாள். அமாவாசையில் கோலம் போடுவதே தப்பு. துட்டி வீட்டுக்காரர்கள் போடுவது அதைவிடத் தப்பு. இரண்டு தப்பையும் சேர்த்து இவ்வளவு பெரிதாக அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

புள்ளி வைப்பது என் வேலை. ஒரு தாவல் தாவினால் ஒரு புள்ளி. ஒரு சிரட்டைப் பொடி. சித்தி வளைவுகளை இழுத்தாள். கால்வாசி முடியுமுன்பே ஒரு சங்கடம் தெரிந்தது. உள்ளே நிற்பவர்களுக்குக் கோலம் தெரியவில்லை. எங்கே வளைக்கிறோம், எங்கே போய்ச் சேருகிறோம், ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது ஆகாயத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"தாயி! கோடு கோணிக்கிட்டுப் போகுது!"

நான் துள்ளிவிட்டேன். சித்தப்பா இல்லை. பனை உச்சியில் பதனீர் இறக்குகிறவர்.

"எந்தப் பக்கம்யா கோணுது?" என்று அம்மா கேட்டாள்.

"வலப்பக்கம் தாயி!"

"ஒமக்கு வலப்பக்கமா, எங்களுக்கு வலப்பக்கமா?"

"எனக்குத்தான்!"

"நீரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எந்தப் பக்கம் பாக்கீரோ, நாங்க என்னத்தைக் கண்டோம்?"

"அப்ப நான் கையைக் காட்டுதேன்!" என்று அவர் ஒரு கையை விட்டார். கீழே நின்ற பெண்கள் எல்லோரும், "ஐயையோ, கையைக் காட்டாதேயும்!" என்று அலறினார்கள்.

ஆம், அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆற்றுக்குக் குடம் எடுத்துப் போன ஒருத்தி நின்று பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். வீட்டுக்கு ஓடிப்போய்க் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்தாள். பிறகு இன்னொருத்தி. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. புட்டு அவிக்கிற மேல வீட்டு ஆச்சிகூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபடியே ஓர் இதழ் போட்டாள். "நான் போடுத இதழ்தான் லெச்சணமா இருக்கும். மத்ததெல்லாம் முறம் மாதிரி இருக்கு" என்றாள். முறம் போட்டவர்கள் சிரித்தார்கள்.

"இப்ப எப்படிய்யா இருக்கு?" என்று சித்தி மேலே பார்த்துக் கேட்டாள்.

"பலாப்பழம் மாதிரி இருக்கு தாயி!"

"தாமரைல்லா போட்டிருக்கோம்!"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தாமரைதான். பலாப்பழத்துக்குள்ள இருக்க தாமரை."

சித்தி நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தாள். முகமெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு பட்ட விரல்கள் சிவந்து வெந்திருந்தன. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. வெயில் ஏற ஏறக் களம் பூத்துக்கொண்டே போனது. வேலியிலிருந்து வாய்க்கால் வரை, கால் வைக்க இடமில்லாமல்.

அப்போதுதான் பெரியப்பா வந்தார்.

தலைக்குமேல் துண்டு. கையில் ஊன்றுகோல். பின்னால் தருப்பைக் கட்டும் எள்ளும் சுமந்து தேசிகர். அவருக்கும் பின்னால் தலையை ஆட்டாமல், முதன்முறையாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் அப்பா. மூவரும் களத்து விளிம்பில் நின்றார்கள். ஆற்றுக்குப் பாதை இல்லை. கோலம்தான் இருந்தது.

 பெண்கள் கிண்ணங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டு விலகி நின்றார்கள்.  சித்தி மட்டும் நடுவில், தாமரைக்குள், குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

தேசிகர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "பிள்ளைவாள், கோலம் கெடக்க நான் காரியத்துக்கு உக்கார முடியாது. யாரையாவது விட்டு அழிக்கச் சொல்லும்."

பெரியப்பா வேலியோரம் நின்ற வயல் வேலைக்காரரைப் பார்த்தார். அவர் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவர்போல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். பெரியப்பா தம் தம்பியைப் பார்த்தார். அப்பா தலையாட்டவில்லை. அது ஒன்றுதான் என் அப்பா அண்ணனுக்கு எதிராக வாழ்நாளில் செய்த காரியம்.

பெரியப்பா தாமே ஊன்றுகோலைத் தரையில் வைத்து இழுத்தால் போதும். முதல் இதழ் அவர் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. கோலை ஓங்கினார். கோடு படாமல் இறக்கினார். பிறகு அவர் நடக்க ஆரம்பித்தார். கோலத்துக்குள் அல்ல, வாசலில் சுவரோடு ஒண்டியதுபோல், அதன் ஓரத்தைச் சுற்றி. வேலி ஓரமாக, கருவேல முள் வேட்டியைப் பிடித்து இழுக்க, பனைகளுக்கு அடியில், வாய்க்கால் கரையில், பையப் பைய ஒரு சுற்று வந்தார். கண் கோட்டை விட்டு அகலவில்லை. ஓரிடத்தில் நின்றார். 

"ஏட்டி!"

நான் ஓடினேன்.

"ஒங்க சித்திட்ட சொல்லு. இங்கன கோடு சேரலை."

பார்த்தேன். உண்மைதான். வெளிக்கொடியில் ஒரு வளைவு அடுத்த வளைவோடு முட்டாமல் ஒரு முழம் விட்டு நின்றது. கோடு கூடாத கோலம் குறைக் கோலம்.

"சித்தி! இங்கன கோடு சேரலையாம்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன்.

சித்தி எழுந்தாள். புள்ளிகளுக்கு நடுவே காலை ஊன்றி ஊன்றி வந்தாள். பெரியப்பா ஊன்றுகோலின் முனையால் காட்டிய இடத்தில் குனிந்தாள். அவர் கோல் மண்ணைத் தொட்டு நகர நகர, அதன் பின்னாலேயே அவள் விரல் பொடியை விட்டுக்கொண்டு போனது. கோடு சேர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா தேசிகர் பக்கம் திரும்பினார். "என்ன வே நிக்கீரு? அமாவாசை அடுத்த மாசமும் வரத்தானே செய்யும். வீட்டுக்கு வாரும், சாப்பிட்டுட்டுப் போகலாம்."

தேசிகர் அதற்காகவே காத்திருந்தவர்போல் தருப்பைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்பா மறுபடி தலையாட்ட ஆரம்பித்தார். மேல வீட்டு ஆச்சி குரவையிட்டாள். பனை உச்சியிலிருந்து, "இப்பத் தாமரை! சுத்தத் தாமரை!" என்று சத்தம் வந்தது.

அடுத்த அமாவாசை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சித்தி களத்தில் கோலம் போடுவாள், பெரியப்பா ஊன்றுகோலோடு களத்துக்குப் போய்க் கோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். சண்டை முடிந்தது. மேகங்கள் எத்தனையோ கூடிக் கலைந்தன. சித்தப்பா வரவில்லை. காரியத்துக்கு நாள் குறிக்காமலே பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். சித்திக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. நெற்றிக் குங்குமம் மட்டும் நரைக்கவில்லை. நான் எழுதுவதை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல பாதி பொய்யிட்டி" என்பாள். எந்தப் பாதி என்று சொல்லமாட்டாள்.

அந்த முதல் அமாவாசையன்று எனக்கு உள்ளூரக் கோபம்தான். இத்தனை பெரிய கோலம், இத்தனை ஜனம், கோடுகூடச் சேர்ந்தாயிற்று, சித்தப்பா இறங்கவில்லையே! கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். எல்லோரும் எதையோ வேடிக்கை பார்க்கிறார்களே, இவர்களில் ஒருவருக்காவது மேலே பார்க்கத் தோன்றவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அந்தக் களத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும், மரத்தின் மேலிருந்தவர்கூட, சித்தியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.